சிற்றோவியத்தில் கை தேறும் வழி

கடையைச் சாத்தி, கல்லாப் பணத்தை எண்ணிக் கட்டி, சிட்டையில் அன்றைய வரவு செலவைப் பதிந்த பிறகு வியாபாரிக்கு என்று மிஞ்சுவது இரவில் ஒரு மணி நேரமே. அதைச் சிலர் பத்திரிகை வாசிப்பதிலும், சிலர் பேச்சிலும், சிலர் கைப்பேசியைத் தடவுவதிலும் கழிக்கின்றனர். நான் அதைச் சித்திரம் எழுதுவதில் கழிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதிலும் பாரசீகத்திலும் மொகலாய அரசவையிலும் வளர்ந்த சிற்றோவியக் கலையில் எனக்கு மோகம். நம் சகோதரர்களில் சிலர் இக்கலையைப் பயில விரும்பி என்னிடம் விசாரிக்கின்றனர். நான் பட்ட நஷ்டத்தை அவர்கள் படாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறேன்.

முதல் மூன்று ஆண்டுகளில் நாற்பது சித்திரங்கள் எழுதினேன். வீட்டார் புகழ்ந்தனர். ஒன்றுக்குச் சட்டம் போட்டுக் கடையிலும் மாட்டினேன். ஒருநாள் இக்கலையில் நெடுங்காலம் பழகிய பெரியவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஜவுளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். நாற்பது படங்களையும் எழுதிய வரிசைப்படி கூடத்துத் தரையில் பரப்பச் சொன்னார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு வரிசையைக் கலைத்தார். திரும்ப அழைத்துக் கேட்டார்:

“தம்பி, இதில் முதல் படம் எது, கடைசிப் படம் எது? பின்புறம் தேதி பார்க்காமல் சொல்லுங்கள்.”

என்னால் சொல்ல இயலவில்லை. முதல் படத்தில் தடித்திருந்த புருவக் கோடு நாற்பதாவது படத்திலும் தடித்தே இருந்தது. முதல் படத்தில் திட்டுத் திட்டாய் நின்ற வானம் கடைசிப் படத்திலும் அப்படியே நின்றது. எனக்குத் தொண்டை அடைத்தது.

“அப்படியானால் மூன்று வருஷமும் வீண்தானா, நானா?” என்றேன்.

“வீண் என்று நான் சொல்லவில்லை. படம் நாற்பது எழுதியிருக்கிறீர்கள். பாடம் ஒன்றுதான் படித்திருக்கிறீர்கள்; அதையே நாற்பது தடவை படித்திருக்கிறீர்கள். ஒரு சரக்கு மாதா மாதம் நஷ்டம் காட்டினால், என்ன காரணம் என்று பாராமல் அதையே மறுபடியும் கொள்முதல் செய்வீர்களா?”

அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் சாரம். வெறுமனே பல படங்கள் எழுதுவதால் கை தேறுவதில்லை. ஒரு குறையைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கென்றே ஒரு சிறு பயிற்சி வகுத்து, செய்ததை மாதிரியோடு ஒப்பிட்டு, பிழையின் காரணத்தைக் கண்டு, மறுநாள் திருத்திச் செய்வதாலேயே கை தேறும். எழுதுவது வேறு, பயில்வது வேறு.

சிற்றோவியம் என்பது யாது?

ஆங்கிலத்தில் இதை மினியேச்சர் என்பர். சிறியதாயிருப்பதால் வந்த பெயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஐரோப்பாவில் பழங்கால ஏடுகளின் எழுத்துகளுக்குச் செந்நிறம் தீட்டப் பயன்பட்ட ஈயச் செந்தூரத்துக்கு இலத்தீன் மொழியில் மினியம் என்று பெயர். அதிலிருந்தே மினியேச்சர் என்னும் சொல் பிறந்தது. அக்பர் காலத்து ஹம்ஸா நாமாச் சித்திரங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டேகால் அடி உயரம். அவற்றையும் இந்த வகையிலேயே சேர்த்துச் சொல்வர். ஆகவே அளவு முக்கியமன்று. உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாத கோடும், திட்டு விழாத நிறமும், மயிரிழையாய் இழைத்த நிழலுமே இக்கலையின் இலட்சணம்.

பாரசீகத்திலிருந்து மீர் செய்யிது அலி, அப்துஸ் ஸமது என்னும் இரு ஓவியர்கள் காபூலில் ஹுமாயூன் பாதுஷாவிடம் வந்து சேர்ந்தனர். 1555ல் அவர் டில்லியை மீட்ட காலத்தில் இந்தியாவுக்கும் வந்தனர். அக்பர் ஆட்சியில் 1562ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஹம்ஸா நாமா வேலை சுமார் பதினைந்து ஆண்டுகள் நடந்தது. அதற்காகத் துணியின்மீது எழுதப்பட்ட சித்திரங்கள் ஏறத்தாழ 1,400. பாரசீக ஆசான்களின் கீழ் இந்திய ஓவியர் பலர் ஒரே கூடத்தில் அமர்ந்து பயின்றனர். மொகலாயச் சித்திரக் கலை பிறந்தது இப்படித்தான்.

ஆசான்கள் பயின்ற விதம்

அந்தக் கூடம் எவ்வாறு நடந்தது என்பதை அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்ல் தமது ஆயினே அக்பரியில் எழுதியிருக்கிறார். வாரந்தோறும் ஓவியர்களின் வேலையை மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் பாதுஷாவின் முன் கொண்டுவந்து வைப்பர். வேலையின் தரத்துக்கேற்ப வெகுமதியும் சம்பள உயர்வும் கிடைக்கும். நம் பாஷையில் சொன்னால், வாரா வாரம் கணக்கு முடித்தனர். ஏழு நாளுக்குமேல் ஒரு பிழை கண்ணில் படாமல் தப்பியிருக்க வழியில்லை.

அக்கூடத்தில் தஸ்வந்த் என்று ஒருவர் இருந்தார். பல்லக்குத் தூக்குபவரின் மகன். சுவர்களில் உருவங்களைக் கிறுக்கித் திரிந்த அவரை அக்பர் கண்டு, அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார். குறுகிய காலத்தில் அவர் தம் காலத்து முதன்மையான ஓவியருள் ஒருவரானார். சுவரில் கிறுக்கிய காலத்திலும் அவருக்குத் திறமை இருந்தது. ஆனால் அருகில் அமர்ந்து திருத்த ஒரு கண் கிடைத்த பிறகே அந்தத் திறமை கலையாயிற்று.

இன்னொரு விஷயம் நம் கவனத்துக்குரியது. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் காட்சிசாலையில் அக்பர் நாமாவின் 116 சித்திரங்கள் உள்ளன. அவற்றின் ஓரங்களில் ஓவியர்களின் பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அமைப்பை வரைந்தவர் ஒருவர். நிறம் தீட்டியவர் இன்னொருவர். சில படங்களில் முகங்களை எழுதியவர் மூன்றாமவர். ஒரு பெரிய வேலையைக் கூறு கூறாய்ப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் அதில் தேர்ந்தவரிடம் விட்டனர். தனியே பயிலும் நமக்கு மூன்று ஆள் கிடையாது. ஆனால் வேலையைப் பிரிக்கும் அந்த வழியை நாமும் கைக்கொள்ளலாம். கோட்டுக்கு ஒரு நாள், நிறத்துக்கு ஒரு நாள், நிழலுக்கு ஒரு நாள்.

பிரதி செய்வதை அவர்கள் இழிவாக எண்ணியதில்லை. ஹெராத்திலிருந்து வந்த ஆகா ரிஸா என்னும் ஓவியரின் மகன் அபுல் ஹஸன். அவர் தமது பதின்மூன்றாம் வயதில், 1600ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் அச்சுச் சித்திரம் ஒன்றிலிருந்து ஒரேயோர் உருவத்தைப் பிரதி செய்தார். மூலப்படத்தில் பலர் இருக்கின்றனர். பையன் எடுத்துக்கொண்டது ஒருவரை மட்டுமே. ஆடையின் மடிப்பையும் அதில் விழும் நிழலையும் கற்க அந்த ஒன்று போதும். அது இன்றும் ஆக்ஸ்போர்டு நகரின் அஷ்மோலியன் காட்சிசாலையில் இருக்கிறது. அந்தப் பையனுக்கே பிற்காலத்தில் ஜஹாங்கீர் பாதுஷா நாதிருஸ் ஸமான், அதாவது காலத்தின் அதிசயம், என்ற பட்டத்தை அளித்தார்.

1616ல் நடந்த ஒரு நிகழ்ச்சி வியாபாரிகளுக்குச் சுவையாயிருக்கும். ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோ தம்மிடமிருந்த ஒரு சிறு சித்திரத்தை ஜஹாங்கீரிடம் காட்டினார். அதைப் போல் எழுத இந்நாட்டாரால் இயலாது என்பது அவர் எண்ணம். சில நாள் கழித்து இரவில் அவரை அழைத்து, ஒரே பலகையில் ஒட்டிய ஆறு படங்களைக் காட்டினர். ஐந்து அரண்மனை ஓவியர் எழுதியவை, ஒன்று அவருடையது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தமது சொந்தச் சரக்கை அடையாளம் காணத் தூதர் மிகவும் திணறினார். கடைசியில் கண்டுபிடித்தார் எனினும், அந்தத் திணறலை அவரே தமது குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தப் பழைய முறை மறைந்துவிடவில்லை. 1875ல் மேயோ தொழிற்கலைப் பள்ளியாகத் தொடங்கி, 1958ல் பெயர் மாறிய லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் சிற்றோவியம் முறைப்படி கற்பிக்கப்படுகிறது. மாணவர்கள் தரையில் அமர்ந்து, பலகையை முழங்காலில் சாய்த்து, பழைய சித்திரங்களைப் பிரதி செய்தே பாடம் தொடங்குகின்றனர். தாள்களை ஒட்டி வஸ்லி என்னும் கெட்டித் தாள் செய்யவும், அணில் வால் மயிரால் தூரிகை கட்டவும் பழகுகின்றனர். அங்கே பயின்ற ஷாஸியா சிக்கந்தர் என்னும் பெண்மணி 1989-90ல் எழுதிய ஏறத்தாழ ஐந்தடி நீளச் சுருள் ஓவியம் இக்கலைக்கே புதிய வழி திறந்தது என்பர். பழைய பாடத்தைக் கற்றுத் தேர்ந்த கையே அந்தப் புதுமையைச் செய்தது.

ஆராய்ச்சி கூறுவது

1993ல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளநூலாரும் அவரைச் சேர்ந்த இருவரும் பெர்லின் நகரில் வயலின் பயிலும் மாணவர்களை ஆராய்ந்தனர். மிகச் சிறந்தவர்கள் 18 வயதுக்குள் தனியே பயின்ற நேரம் சராசரி 7,400 மணி. அடுத்த தரத்தார் 5,300 மணி. இசை ஆசிரியராகப் பயின்றோர் 3,400 மணி. இதைப் படித்துவிட்டு மணிக்கணக்கே எல்லாம் என்று கிளம்பியவர்கள் பலர். 2019ல் அதே ஆராய்ச்சியை மீண்டும் செய்தவர்கள், மணிக்கணக்கு மட்டும் முழுக் காரணம் ஆகாது என்று கண்டனர். எரிக்சன் வற்புறுத்தியதும் வெறும் நேரத்தை அன்று. குறிப்பிட்ட ஒரு குறையைத் திருத்தும் நோக்கம் வேண்டும். செய்தது சரியா பிழையா என்று உடனே தெரிய வேண்டும். திருத்தி மறுபடியும் செய்ய வேண்டும். முழுக் கவனத்தோடு செய்யும் இத்தகைய பயிற்சியை நெடுநேரம் இழுக்க இயலாது. இடையில் ஓய்வு வேண்டும் என்பதும் அவர் கண்டதே. ஒரு மணி நேரமே கையிலுள்ள நமக்கு இது ஆறுதலான செய்தி.

உபகரணங்கள்

தாள்: வஸ்லி கிடைத்தால் நலம். தாள்களை மாவுப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி, பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்த்து, உலர்ந்தபின் வழவழப்பான கல்லாலோ சோழியாலோ தேய்த்து மெருகேற்றுவதே வஸ்லி. கிடைக்காதவர்கள் 300 கிராம் கனமுள்ள, சொரசொரப்பில்லாத நீர்வண்ணத் தாள் வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக்கு அது தாராளம்.

தூரிகை: இரண்டு போதும். ஒன்று 1ஆம் எண், மற்றது மூன்று சைபர் எண். மிகச் சிறிய தூரிகையே மிக மெல்லிய கோடு போடும் என்பது தவறான எண்ணம். சிறு தூரிகை விரைவில் உலர்ந்துவிடும். வயிறு பருத்து நுனி கூர்ந்திருக்கும் நல்ல தூரிகை அளவில் சற்றுப் பெரிதாயினும் மெல்லிய கோடு தரும்.

வண்ணம்: நீர் வண்ணமும், குவாஷ் என்னும் ஒளி ஊடுருவாத வண்ணமும் வேண்டும். பழைய ஓவியர்கள் அரிதாரம், சாதிலிங்கம், ஈய வெள்ளை முதலியவற்றை அரைத்துப் பயன்படுத்தினர். அரிதாரத்தில் பாஷாணமும், சாதிலிங்கத்தில் பாதரசமும் உண்டு, ஈயமும் நஞ்சே. வீட்டில் குழந்தைகள் உள்ள நாம் அவற்றைத் தொட வேண்டாம். கடையில் வாங்கிய வண்ணமாயினும் தூரிகை நுனியை நாவில் வைத்துக் கூராக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு பூதக்கண்ணாடியும், நல்ல விளக்கும். வலக்கையால் எழுதுவோர் விளக்கை இடப்புறம் வைத்துக்கொண்டால் கையின் நிழல் வேலையின்மேல் விழாது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள வெட்கப்படலாகாது.

முதற்பாடம்: கோடு

ஓர் அங்குலச் சதுரம் வரைந்து, அதற்குள் ஒரே திசையில் இருபத்தைந்து கோடுகள் போடுங்கள். ஒன்றுக்கொன்று இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு நாளைக்கு ஐந்து சதுரங்கள். நேரம் இருபது நிமிஷம். பிறகு பூதக்கண்ணாடியால் மூன்றை மட்டும் பாருங்கள்: கோடுகளின் கனம் ஒன்றாயிருக்கிறதா? இடைவெளி ஒன்றாயிருக்கிறதா? கோடு சதுரத்தின் விளிம்பில் சரியாக நிற்கிறதா? மூன்றில் எது மிக மோசமோ அது ஒன்றே நாளைய பாடம்.

காரணமும் பரிகாரமும் இவை. தொடக்கத்தில் கோடு தடித்தால் தூரிகையில் ஈரம் அதிகம். பழந்துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் அறுந்தால் வண்ணம் கெட்டி. ஒரு துளி நீர் சேருங்கள். கோடு நடுங்கினால் சுண்டு விரலை ஒரு துண்டுத் தாளின்மேல் ஊன்றி, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே, கோட்டைத் தம்மை நோக்கி இழுங்கள். வளைவு சரியாக வராவிட்டால் மணிக்கட்டைத் திருக வேண்டாம், தாளைத் திருப்புங்கள்.

பெரியவர் எனக்கு இட்ட கட்டளை நாற்பது நாள் கோடு மட்டுமே. முதல் வாரம் அவமானமாயிருந்தது. நாற்பது படம் எழுதியவன் சிறு பிள்ளை போல் கோடு போடுவதா என்று எண்ணினேன். இரண்டாம் வாரத்தில் ஒன்று புலப்பட்டது. மூன்று ஆண்டுகளாக நான் தூரிகையை ஒற்றாமலேயே எழுதி வந்திருக்கிறேன்! நாற்பது புருவங்கள் தடித்ததற்குக் காரணம் அதுவே. முழுப் படத்துக்குள் மறைந்திருந்த பிழை, வெறுங்கோட்டில் மறைய இடமின்றி வெளிப்பட்டது.

இரண்டாம் பாடம்: நிழல்

புள்ளியாலும் மயிரிழை போன்ற சிறு கோட்டாலும் நிழல் காட்டுவதைப் பர்தாக்த் என்பர். வரிசையாய் ஐந்து கட்டங்கள் வரையுங்கள். முதற்கட்டம் வெறுந்தாள். ஐந்தாவது கருமை. இடையிலுள்ள மூன்றும் படிப்படியாய்க் கறுக்க வேண்டும். வண்ணத்தை வெகுவாக நீர்க்கக் கரைத்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் புள்ளியிடுங்கள். ஒரே தடவையில் கறுப்பாக்க முயல வேண்டாம். நான்கைந்து அடுக்கு ஏற வேண்டும்.

முடிந்ததும் தாளைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். புள்ளிகள் கரைந்து மென்மையான நிழலாகத் தெரிந்தால் வெற்றி. புள்ளிகள் மிளகு தூவியது போல் தனித்தனியே நின்றால் வண்ணம் கெட்டி என்று பொருள். கட்டங்களுக்கிடையே படி தெரியாவிட்டால் பொறுமை குறைவு என்று பொருள். அதற்கு மருந்து மறுநாளும் அதையே செய்வதுதான்.

மூன்றாம் பாடம்: சமநிறம்

இரண்டு அங்குலச் சதுரம் ஒன்றைக் குவாஷ் வண்ணத்தால் திட்டு விழாமல் நிரப்புங்கள். வண்ணம் ஆடை கட்டாத பால் போல் ஓட வேண்டும். கெட்டியாய் ஒரு பூச்சுப் பூசுவதைவிட மெல்லிய மூன்று பூச்சு மேல். ஒவ்வொன்றும் நன்றாய் உலர்ந்த பிறகே அடுத்தது. பாதி உலர்ந்த இடத்துக்குத் தூரிகை திரும்பிப் போனால் திட்டு விழும். என் வானங்கள் எல்லாம் கெட்டது அதனால்தான். உலர்ந்தபின் தாளை வழவழப்பான பலகையின்மேல் கவிழ்த்து வைத்து, முதுகுப்புறம் கல்லால் மெல்லத் தேய்த்தால் நிறம் படிந்து மெருகேறும். சொந்தமாய் வண்ணம் அரைப்போர்க்கு ஒரு குறிப்பு: கருவேலம் பிசின் குறைந்தால் நிறம் பொடியாய் உதிரும், மிகுந்தால் பளபளத்து வெடிக்கும்.

நான்காம் பாடம்: ஒரு மலர்

1620ல் ஜஹாங்கீர் காஷ்மீர் சென்றபோது, உஸ்தாத் மன்ஸூர் என்னும் ஓவியர் அங்குள்ள மலர்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை எழுதியதாகப் பாதுஷா தமது நினைவுக் குறிப்பில் சொல்கிறார். மன்ஸூர் எழுதிய சிவப்புத் துலிப் மலர் அலிகார் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் நல்ல அச்சுப்படம் ஒன்றைப் பெற்று, அதில் ஓரிதழை அல்லது ஓரிலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூலத்தைப் பார்த்துப் பிரதி செய்யுங்கள். பிறகு மூலத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். இறுதியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் எதைக் காணாமல் விட்டது என்பது நினைவுப் பிரதியிலும், கை எதைச் செய்ய இயலாமல் விட்டது என்பது பார்த்தெழுதிய பிரதியிலும் தெரியும். கண்ணின் குறை வேறு, கையின் குறை வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து பலிக்காது.

உயிருள்ளவற்றின் உருவம் எழுதுவதில் நம்மவர் சிலருக்குத் தயக்கம் உண்டு. அவர்கள் மலர், கொடி, இலை, ஓரச் சித்திரம் இவற்றோடு நின்றுகொள்ளலாம். திருக்குர்ஆன் கையெழுத்துப் பிரதிகளின் பக்கங்களைப் பொன்னாலும் நீலத்தாலும் அலங்கரிக்கும் தஸ்ஹீப் கலைக்கும் கூர்ந்த தூரிகையும் அடங்கிய கையுமே வேண்டும். திரங்கானுவில் செய்யப்பட்ட குர்ஆன் பிரதிகள் அதற்குப் பேர் பெற்றவை. மேற்சொன்ன பாடங்கள் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பயிற்சிப் பேரேடு

இனி, வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் எளிதானதும், நான் மூன்றாண்டு செய்யத் தவறியதுமான ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். தேதி, இன்று எடுத்துக்கொண்ட ஒன்று, கண்ட பிழை, நாளை செய்யும் திருத்தம். “கோடு சரியில்லை” என்று எழுதுவதில் பிரயோசனமில்லை. “ஐந்து சதுரத்தில் மூன்றில் கடைசி ஐந்து கோடுகள் நெருங்கிவிட்டன, கை களைத்தது, நாளை பதினைந்து கோட்டில் நிறுத்தி இளைப்பாறுக” என்று எழுதினால் அது கணக்கு. கடையில் “கொஞ்சம் நஷ்டம்” என்று எழுதும் கணக்குப்பிள்ளையை நாம் வைத்துக்கொள்வோமா?

தினமும் நாற்பது நிமிஷம் போதும். இருபது நிமிஷம் பழைய குறை. ஐந்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு. பதினைந்து நிமிஷம் ஒப்பிட்டுப் பார்த்துப் பேரேட்டில் பதிதல். வாரம் ஒருமுறை அந்த வார வேலையை இன்னொருவரிடம் காட்டுங்கள். அவர் ஓவியராயிருக்க வேண்டும் என்பதில்லை. “இந்த ஐந்து சதுரத்தில் எது கோணல்?” என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். முழுச் சித்திரம் மாதம் ஒன்று எழுதலாம். அதிலும் ஒரே ஒரு நோக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இம்மாதச் சித்திரம் வானத்துக்காக; மற்றவை எப்படி வந்தாலும் வரட்டும்.

வாய்ப்புள்ளவர்கள் கோலாலம்பூரில் 1998ல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலைப் பொருட்காட்சிசாலைக்குச் சென்று, பழைய ஏடுகளையும் சித்திரங்களையும் நேரில் காண வேண்டும். அச்சுப்படத்திலும் கைப்பேசித் திரையிலும் கோட்டின் உயிர் தெரியாது. ஒரே பக்கத்தின் முன் கால்மணி நேரம் நில்லுங்கள். நூறு பக்கங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பதில் கிடைக்காத பாடம் அதில் கிடைக்கும்.

தவிர்க்க வேண்டியவை

சலிப்பு வந்தவுடன் புதுப்படத்துக்குத் தாவுதல் ஒன்று. நன்றாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்து மகிழ்தல் மற்றொன்று. எனக்கு ஆடைப் பூவேலை நன்றாக வரும். ஆகவே நாற்பது படத்திலும் ஆடையையே பெரிதாக்கி, முகத்தைச் சிறிதாக்கி ஒளித்து வைத்தேன். விற்கும் சரக்கை முன்னால் அடுக்கி, விற்காத சரக்கைப் பின்கட்டில் போட்டு மறப்பது போன்ற வேலை அது. வருஷக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது அது வெளிவந்தே தீரும். மூன்றாவது, நல்ல சாமான் வாங்கினால் கை தேறும் என்ற எண்ணம். விலையுயர்ந்த தூரிகைகளுக்கு நான் செலவிட்ட பணத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

ஓராண்டுக்குப் பிறகு பெரியவர் மீண்டும் வந்தார். அந்த ஆண்டில் எழுதிய பன்னிரண்டு படங்களைத் தரையில் பரப்பினேன். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, தாமே எழுத முடியாத நிலை. பூதக்கண்ணாடியை ஒவ்வொன்றின்மேலும் வைத்து நிதானமாய்ப் பார்த்தார். வரிசையைக் கலைக்கவில்லை, கலைத்தாலும் பயனில்லை. முதற்படம் எது, கடைசிப் படம் எது என்று கடைப் பையனும் சொல்லியிருப்பான்.

“இனி ஏழாவது படத்து வானத்தைப் பாருங்கள், அதில் இன்னும் திட்டு நிற்கிறது,” என்று மட்டும் சொன்னார். அன்றிரவே பேரேட்டில் பதிந்துகொண்டேன்.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மறுபடியும் மூன்றாண்டு வீணாக்க என்னிடம் நேரம் கிடையாது. இதை வாசிக்கும் சகோதரர்களில் பலருக்கும் நிலைமை அதுவே. ஆகையால் நாளை நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம் என்று இராதீர்கள். இன்றிரவு கடைக் கணக்கை முடித்ததும் ஓர் அங்குலச் சதுரம் வரைந்து இருபத்தைந்து கோடு போடுங்கள். எது கோணல் என்று பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த நாற்பதாம் நாள் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கும்போது, உங்கள் கணக்கில் இலாபம் எவ்வளவு என்று வேறொருவர் சொல்லத் தேவையிராது.